மூட்டைக்கு 8 ரூபாய் 40 காசு எங்கே போச்சு?

சிமெண்ட் கடையில் சண்டை போடும் முன் பழைய பில்லைத் தேடி எடுங்கள்!

வடலூர்: நாலு ரோடு சந்திப்பில் பஸ் ஹாரன் சத்தத்தையும் மீறி ஒரு சண்டை கேட்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வீடு கட்டுகிறவர் ஒருவர், சிமெண்ட் கடை வாசலில் நின்று குரலை உயர்த்துகிறார்.

"அண்ணே, வரி 28-லேருந்து 18 ஆயிடுச்சுன்னு ஊரே சொல்லுது. பத்து சதவீதம் குறையணும்ல? 384 ரூபாய் மூட்டைக்கு 38 ரூபாய் 40 காசு குறைக்கணும். நீங்க 30 ரூபாய்தான் குறைச்சிருக்கீங்க. மிச்சம் 8 ரூபாய் 40 காசு எங்கே போச்சு?"

"தம்பி, ஒரு காசுகூட எடுக்கலே. 354-தான் சரியான விலை" என்கிறார் கடைக்காரர்.

நூறு மூட்டைக்கு 840 ரூபாய். சும்மா விடுவாரா? கூட்டம் கூடிவிட்டது!

யார் சொல்வது சரி? கடைக்காரர் சொல்வதுதான் சரி!

வரி எதன் மேல்?

சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவீதம் ஆனது.

ஆனால் இந்த 28-ம் சரி, 18-ம் சரி, கையில் கொடுக்கிற மொத்தப் பணத்தின் மேல் போடுவது அல்ல. வரி சேர்க்காத அசல் விலையின் மேல் போடுவது. குழப்பத்துக்கு எல்லாம் காரணம் இதுதான்.

அசல் 300 ரூபாய். அதில் 28 சதவீதம் 84 ரூபாய். கூட்டினால் 384.

அதே 300-க்கு 18 சதவீதம் 54 ரூபாய். கூட்டினால் 354.

வித்தியாசம் 30 ரூபாய். அசலில் பத்து சதவீதம் சரியாகக் குறைந்துவிட்டது. வாடிக்கையாளரோ 384-ல் பத்து சதவீதம் பார்த்தார். அதில் வரியும் கலந்து கிடக்கிறதே!

திரும்பி வரும் வழி

சரி, பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலரும் செய்வது, 384-ல் 28 சதவீதத்தைக் கழிப்பது. 276 ரூபாய் 48 காசு வரும். தப்பு! அந்தத் தொகைக்கு மறுபடி 28 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 353 ரூபாய் 89 காசுதான் வரும். 384 வரவே வராது.

வழி சுலபம். அசல் 100 என்றால் மொத்தம் 128. எனவே மொத்தத்தை 100-ஆல் பெருக்கி 128-ஆல் வகுக்க வேண்டும். 300 ரூபாய் கிடைக்கும். 18 சதவீதம் என்றால் 118-ஆல் வகுக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 105.

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. வரி சேர்ந்த தொகையில் வரி எவ்வளவு என்று பார்க்க, மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 35-வது விதி சொல்வதும் இதே முறைதான்.

ஓட்டல் பில் 210 ரூபாய், வரி 5 சதவீதம் என்றால் அசல் 200, வரி 10. தப்பாகக் கழித்தால் 10 ரூபாய் 50 காசு. ஐம்பது காசுதான் வித்தியாசம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வரி ஏற ஏற ஓட்டை பெரிதாகும். 40 சதவீத வரி உள்ள குளிர்பானம் 35 ரூபாய் என்றால் அசல் 25, வரி 10. தப்புக் கணக்கில் வரி 14 ரூபாய்!

நெய்வேலி கணக்கு

பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கு முன்பு 5 சதவீத வரியோடு, டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தது.

ஒரு டன் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். எடுத்தவுடன் 105-ஆல் வகுத்தால் ஏமாந்து போவோம். கடைசியில் சேர்த்தது முதலில் வெளியே வர வேண்டும். 400-ஐக் கழித்தால் 2,100. பிறகு வகுத்தால் அசல் 2,000.

அதே 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், வரி 18 சதவீதம் ஆனது. அதே அசலுக்கு மொத்தம் 2,360 ரூபாய்.

உண்மையான ஏமாற்று எது?

கடைக்காரர் தப்பாகப் போட்டால் நஷ்டம் அவருக்கே. 354-ல் 18 சதவீதம் என்று 63 ரூபாய் 72 காசை வரியாகக் கட்டினால், மூட்டைக்கு 9 ரூபாய் 72 காசு கைக்காசு போகும். 500 மூட்டைக்கு 4,860 ரூபாய்!

வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது வேறு. ஒரு கடையில் "வரி குறைஞ்சதாலே 384 இப்போ 365" என்கிறார்கள். 19 ரூபாய் லாபம் என்று வாங்கி வருகிறோம். 365-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அசல் 309 ரூபாய் 32 காசு! வரி குறைந்த சாக்கில் அசல் 9 ரூபாய் 32 காசு ஏறியிருக்கிறது.

கம்பெனியே விலை ஏற்றியிருக்கலாம். கடை ஏற்றியிருக்கலாம். எதுவானாலும் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்துவிட்டது. அதற்கு பழைய பில் ஒன்று, புது பில் ஒன்று, இரண்டும் கையில் இருக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

354 வாங்கிய கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, 365 வாங்கியவருக்கு நன்றி சொல்லி வரலாமா? பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்!