முட்டி படும் இடம்

நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி தொடையின் பக்கவாட்டில் ஓரிடத்தைத் தொடும். சீன மருத்துவத்தில் அதன் பெயர் ஃபெங்ஷி. கோலாலம்பூரில் நான் கலந்துகொண்ட குங்ஃபூ பட்டறையில் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. சிஃபு (ஆசான்) தன் ஆள்காட்டி விரலின் நடு மூட்டை மட்டும் துருத்தி, கட்டைவிரலால் அதற்கு முட்டுக் கொடுத்தார். 'ஃபீனிக்ஸ் கண்' எனத் தென்சீனப் பாணிகளில் பேர்போன முட்டி அது. அவர் ஓங்கக்கூட இல்லை. தொடைத் தசை எலும்போடு நசுங்கி இறுகியது. கால் மரத்து மடங்கிவிட்டது.

அடுத்தது முழங்கைக்குக் கீழே, ஷோசான்லி. மடிப்பின் வெளிமுனையிலிருந்து 2 சுன் தூரம். அடிபடுபவரின் கட்டைவிரல் அகலமே ஒரு சுன் என்பதால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். நம் வர்ம ஆசான்களும் இப்படித்தான் விரற்கடையால் அளக்கிறார்கள். அங்கே அடி விழுந்ததும் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. தசைக்கு அடியில் ஓடும் நரம்புதான் காரணம்.

இந்த அறிவு பழையது. சீனாவின் சோங் வம்ச அரசவை மருத்துவர் வாங் வெய்யி 1027-ல் இரண்டு வெண்கல மனித உருவங்களை வார்த்து, புள்ளிதோறும் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் ஊசி குத்திப் பழக வைத்தார். வீரர் வாங் செங்நானுக்காக ஹுவாங் சோங்ஷி 1669-ல் எழுதிய கல்லறை வாசகமோ மரணப் புள்ளி, மயக்கப் புள்ளி, ஊமைப் புள்ளி என்று அடிக்கும் இடங்களைச் சொல்கிறது.

கட்டுக்கதைகளும் கூடவே வளர்ந்தன. 1973 ஜூலை 20-ல் புரூஸ் லீ இறந்தபோது, நாள் கழித்துக் கொல்லும் 'டிம் மாக்' அடி என்று வதந்தி கிளம்பியது. பிரேதப் பரிசோதனை காட்டியது மூளை வீக்கத்தை. எந்த நேரத்தில் எந்த நாடியை அடிப்பது என்ற கணக்கையும் சிஃபு சொல்லிக்கொடுத்தார். அதை நான் நம்பவில்லை.

கழுத்துக்கு வந்தபோது அவர் அடிக்கவே விடவில்லை. குரல்வளை முடிச்சின் பக்கத்தில், நாடி துடிக்கும் ரென்யிங்கில் விரலை லேசாக வைத்துப் பார்க்கச் சொன்னார், அதுவும் ஒரு பக்கம் மட்டும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அடி விழுந்தால், அழுத்தம் எகிறிவிட்டதென்று ஏமாறும் மூளை இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆள் சரிந்துவிடலாம். பார்ப்பவர்களுக்கு அது மாயாஜாலம். ஆனால் தமனியின் உட்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும், சில நாள் கழித்தும் வரலாம். மேடையில் ஆளை மயக்கிக் கைதட்டல் வாங்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதை வித்தை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

இப்படியொரு பட்டறைக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள், கழுத்தில் அடித்துக் காட்டுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். ஆமென்றால் பணம் கட்டாதீர்கள்.