தாழும் பஸ், எழும் ஜீப்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. எம்.கே.பி. நகர்க்காரர்களுக்கு இவை இப்போது பழகிப்போன தாழ்தள பஸ்கள். நிறுத்தத்தில் நின்றதும் 'புஸ்' என்று காற்று இறங்கும். படிப்பக்கம் சாய்ந்து தாழும். முட்டிவலிப் பாட்டியும் சிரமமில்லாமல் ஏறிவிடுவார்.

காடு மேடு ஏறும் சொகுசு ஜீப்புகளில் இருப்பதும் இதே காற்று சஸ்பென்ஷன் ஏற்பாடுதான். 1992-இல் ரேஞ்ச் ரோவர் அதைக் கொண்டுவந்தது. பஸ் இறங்குவதற்குப் பயன்படுத்துவதை ஜீப் ஏறுவதற்குப் பயன்படுத்துகிறது, அவ்வளவே.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைக் கவனியுங்கள். அச்சுக்கு மேல் ஸ்பிரிங்காக அடுக்கடுக்கான இரும்புப் பட்டா. பாரம் ஏறினால் வண்டி அமுங்கும். காலியாக ஓடினால் தூக்கிப்போடும். பட்டாவின் விறைப்பை ஓடும்போது மாற்ற முடியாது. காற்று சஸ்பென்ஷனில் பட்டாவுக்குப் பதில் தடித்த ரப்பர் பை. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, வால்வு திறந்து காற்று உள்ளே போகும் அல்லது வெளியேறும். கூட்டம் ஏறினால் பையில் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும். அதனால் பத்துப் பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் உயரம் மாறாது, குலுங்கலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பட்டாவால் இது ஆகாது.

ஜீப்பில் பொத்தானை அழுத்தினால் வயிற்றுப்பகுதி பாறையில் இடிக்காத உயரத்துக்கு வண்டி எழும். அதற்கு விலை உண்டு. எழுந்து நிற்கும் வண்டியின் எடைமையம் மேலே போவதால் வளைவில் கவிழும் அபாயம் கூடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கத் தேவையான இடமும் குறையும், ஆகவே ஓட்டம் கரடுமுரடாகும். வேகம் எடுத்ததும் பல வண்டிகள் தாமாகவே தாழ்ந்துகொள்வது இதனால்தான்.

சேறும் கல்லும் பட்டு ரப்பர் பை கிழிந்தால் நடுக்காட்டில் என்ன செய்வது? அசோக் லேலண்டின் ராணுவ ஸ்டாலியன் லாரி இன்றும் பட்டாவில்தான் மலையேறுகிறது. பட்டா உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம்.

என்னைக் கேட்டால், இந்த நுட்பம் அதிகம் பயன்படுவது ஜீப்பில் அல்ல, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாரம் மாறும் நகரப் பஸ்ஸில்தான். ஜீப்பில் வேண்டும் என்பவர்கள், ரப்பர் பையும் கம்ப்ரசரும் பக்கத்தில் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.