பதின்மூன்று எப்படி வந்தது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவார் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூவரிடம் எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை மேசைக்கடியில் விரல் மடக்கி ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே போகும். இன்னொன்று ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கும். மூன்றாவது பிள்ளை யோசிக்காமலே பதின்மூன்று என்று சொல்லிவிடும். பயிற்சிப் புத்தகத்தில் மூவருக்கும் ஒரே சரி அடையாளம்தான்.

இந்த மூன்றும் கற்றலின் மூன்று கட்டங்கள். எண்ணிக் கண்டுபிடிப்பது முதலில், தெரிந்த கணக்கைக் கொண்டு தெரியாததை வருவிப்பது அடுத்து, மனத்திலிருந்து உடனே எடுப்பது கடைசியில். விரல் விட்டு எண்ணுவது குறையல்ல. எல்லாப் பிள்ளைகளும் வரும் வழி அது. மூன்றாம் ஆண்டு முடிந்தும் அங்கேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். நெடுவகுத்தல் செய்யும்போது ஏழெட்டு எத்தனை என்று எண்ண உட்கார்ந்தால், எந்தப் படியில் இருந்தோம் என்பது மறந்துபோகும். மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமை கொஞ்சம்தான். வகுத்தலே தெரியவில்லை என்று நாம் அந்தப் பிள்ளையைத் தவறாக எடைபோடுகிறோம்.

மலேசியா இதில் அக்கறை காட்டாமல் இல்லை. 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம், முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. ஒவ்வொன்றிலும் 12 திறன்கள், பின்தங்கியவர்களுக்குத் தனிக் கவனிப்பு. 2019இல் முதல் மூன்று ஆண்டுகளின் தேர்வுகள் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு அந்த இடத்துக்கு வந்தது. இப்போது பெற்றோர் கைக்கு வருவது 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை. தேர்வு பயம் போனது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் ‘அடைவுநிலை 3’ என்ற எண்ணைப் பார்த்து, பிள்ளை விரலில் எண்ணுகிறதா, மனத்தில் எடுக்கிறதா என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

பிள்ளை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பதிவு செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வாரம் ஒருமுறை பத்து அட்டைகளைக் காட்டி, விடை வந்ததும் “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்டு, எண்ணியது, வருவித்தது, உடனே சொன்னது என மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். மூன்று விநாடிக்குள் வந்தால் மனத்தில் இருக்கிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். கடிகாரத்தைப் பிள்ளையின் முன்னால் வைக்க வேண்டாம். பதற்றம் வந்தால், தெரிந்த விடையும் வாய்க்கு வராது.

பெருக்கல் வாய்பாடு மலைபோலத் தெரிவதற்கும் இந்தக் குறிப்பு மருந்து. பத்துக்குப் பத்து கட்டத்தில் 100 கணக்குகள். 3×7ம் 7×3ம் ஒன்றே என்று புரிந்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்பாடுகள் சீக்கிரம் வந்துவிடும். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது 21தான். தெரிந்த கட்டத்துக்குப் பிள்ளையே வண்ணம் தீட்டட்டும். பக்கத்துப் பிள்ளையின் தாளோடு ஒப்பிடக் கூடாது; போன மாதத்துத் தன் தாளோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபின், பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150க்கும் கீழே இருக்கிறது. அதை நினைத்து வருந்தாதவர் இல்லை. ஆனால் நாற்பது பேர் வகுப்பில் ஓர் ஆசிரியரால் செய்ய முடியாததை, எட்டுப் பேர் வகுப்பில் செய்யலாம்: ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, பதின்மூன்று எப்படி வந்தது என்று கேட்கலாம். அடுத்த பெற்றோர் சந்திப்பில், அடைவுநிலை எவ்வளவு என்பதோடு, பிள்ளை இன்னும் எந்தெந்தக் கணக்குகளை விரலில் எண்ணுகிறது என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.