பனிக்காலத்தில் சீறும் பீங்கான்

மார்கழி விடியலில் மதகடிப்பட்டுக் கரும்புக் கொல்லை ஓரம், 11 ஆயிரம் வோல்ட் கம்பத்தடியில் நின்றால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். இருட்டு விலகாதிருந்தால் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் நீலப் பொறியும் தெரியும். "பேய் இருக்கு, வயர்மேன்" என்பார்கள். பேயாவது!

காய்ந்த காற்றை மின்சாரம் உடைத்துப் பாய, சென்டிமீட்டருக்குச் சுமார் 30 ஆயிரம் வோல்ட் வேண்டும். அழுக்கேறிய பீங்கானின் மேற்பரப்பில் அதைவிட மிகக் குறைவே போதும். சாலைத் தூசி, சோகை எரித்த சாம்பல், கடற்காற்றின் உப்பு எல்லாம் அதில் படிந்திருக்கும். பனி அவற்றைக் கரைத்ததும் மெல்லிய மின்னோட்டம் ஊரும். அந்தச் சூட்டில் ஓரிடம் மட்டும் பட்டையாகக் காயும். வோல்ட்டேஜ் ஏறக்குறைய முழுவதும் அந்தக் குறுகிய பட்டையின் மேல் வந்து விழ, காற்று தாங்காமல் பொறி தாண்டும். பொறிகள் நீண்டு ஒன்றுசேர்ந்தால் லைன் டிரிப்தான்.

ஐப்பசி அடைமழை பரவாயில்லை, கழுவிவிடும். பனியும் தூறலும்தான் எங்களுக்கு வில்லன்கள். பீங்கானின் அடுக்கு விளிம்புகளும் அழகுக்கல்ல, ஊரும் வழியை நீட்டத்தான்.

1777இல் ஜெர்மனியின் லிச்டென்பெர்க், பிசின் தட்டில் தூள் படியவைத்து இப்படிப் பரப்பின் மேல் ஊரும் மின்பொறியின் தடங்களைக் கண்டார்; வேர் போலக் கிளைவிட்டிருந்தன. இப்போது பீங்கானுக்குப் பதில் சிலிகோன் ரப்பர் இன்சுலேட்டர்கள் வந்துவிட்டன. அவற்றில் நீர் படலமாகப் பரவாது, துளித்துளியாகத் திரண்டு நிற்கும்; மின்னோட்டம் ஊரத் தொடர்ந்த வழி எளிதில் கிடைக்காது.