நாகலூர் வெயிலில் சோறு வேகுமா?

ஏற்காடு மலையிலுள்ள நாகலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளிக் கண்காட்சிக்காக அட்டைப்பெட்டியில் சூரிய அடுப்பு செய்கிறாளாம். "சேலம் வெயிலுக்கு வேகும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற எங்கள் ஊரில் வேகுமா சார்?" ஐந்து நிமிட வீடியோவில் கேக்கே சுட்டுக் காட்டுகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை.

வேகும். ஏன் என்பதில்தான் சுவாரசியம்.

கறுப்புப் பாத்திரம், கண்ணாடி மூடி, பளபளக்கும் அலுமினியத் தாள் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, விடுவோம். பெட்டி எந்தச் சூட்டில் போய் நிற்கும்? அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதச் சம்பளக்காரரைப் பார்த்தால் போதும்.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் வாய் உள்ள பெட்டிக்கு உச்சி வெயிலில் கிடைப்பது சுமார் 250 வாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். ஆக, நம் ஆளுக்குச் சம்பளம் குறைவு. காலையில் பெட்டி குளிர்ந்திருக்கும்போது செலவே இல்லை, வந்ததெல்லாம் சேமிப்பு. சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, அந்த அளவுக்குச் சுவர் வழியே வெப்பம் கசியும். இது மளிகைக் கணக்கு. பாத்திரத்தின் கதிர்வீச்சு கௌரவச் செலவு: கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப எகிறும், வசதியானவர் எழுத வேண்டிய மொய் மாதிரி. மூடி இடுக்கில் நழுவும் சூடான காற்று, மாதக் கடைசியில் கைமாற்று கேட்டு வரும் மைத்துனர். வரவும் செலவும் சமமாகும் சூட்டில் பெட்டி நின்றுவிடும். அதற்குமேல் ஒரு டிகிரி ஏறாது. அலுமினியத் தாள் ஒட்டிய மடல் ஓவர்டைம். இரட்டைச் சுவருக்கு நடுவே அடைத்த உமி, வீட்டுச் சிக்கனம். மைத்துனருக்கு மைதாப் பசையும் பழைய துணியும் போதும்.

மைத்துனரை லேசாக நினைக்காதீர்கள். கண்ணாடி அகச்சிவப்புக் கதிரைச் சிறைபிடிப்பதுதான் முழு ரகசியம் என்று சார்ட்டில் எழுதிவிடுவோம். 1909-ல் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டி செய்து, ஒன்றுக்குக் கண்ணாடியும் மற்றதற்கு அகச்சிவப்பைத் தாராளமாக விடும் பாறை உப்புத் தகடும் பொருத்தினார். இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரியில் போய் நின்றன. மூடியின் முதல் வேலை காற்றை அடைப்பது. சூடு இன்னும் ஏறிக் கௌரவச் செலவு பெருகும்போதுதான் கண்ணாடியின் அந்தப் புகழ்பெற்ற குணம் கைகொடுக்கும்.

இப்போது குளிர். வெளிக்காற்று பத்து டிகிரி குறைந்தால் மளிகைச் செலவு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் மலையில் தலைக்குமேல் காற்றும் தூசும் குறைவு, வெயில் கூர்மை. நம் ஆளுக்கு மலைப்படி கிடைத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொசூர் இதைச் செய்தே பார்த்துவிட்டார். 1767-ல் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கியவர், பிறகு ஒரு பெட்டியை ஆல்ப்ஸில் கிராமோன் மலைக்குத் தூக்கிப்போனார். அதையே சுமார் ஐந்தாயிரம் அடி கீழே கொண்டுவந்தும் வெயிலில் வைத்தார். கீழே காற்று நல்ல வெதுவெதுப்பு. பெட்டிக்குள் சூடு என்னவோ ஏறத்தாழ அதேதான். ஏற்காட்டின் உயரமும் கிட்டத்தட்ட ஐந்தாயிரம் அடிதான்.

வரலாறு வேண்டுமென்றால்: வில்லியம் ஆடம்ஸ் என்பவர் பம்பாயில் எண்கோண அடுப்பில் ஏழு சிப்பாய்களின் உணவை ஜனவரி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் சமைத்து, 1878-ல் புத்தகமும் போட்டார். 1950-களில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சூரிய அடுப்பு ஆரவாரமாக வந்தது, விற்கவில்லை. ஆரோவில் பொதுச் சமையலறையின் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி தருகிறது. வானம் மூடினால் உதவிக்கு டீசல் கொதிகலன். "இனி கேஸே வேண்டாம்" என்பவர்களிடம் அந்த டீசலைப் பற்றிக் கேளுங்கள்.

நாகலூரின் எதிரி குளிரல்ல, மூட்டம். மேகம் பரப்பிவிட்ட ஒளியை அலுமினிய மடலால் திருப்பிக் குவிக்க முடியாது. களத்தில் காப்பி காயப்போடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கவலை வேண்டாம், 80 டிகிரி நிலைத்தாலே அரிசி மெல்ல வெந்துவிடும். நிகரமாக 100 வாட் தேறினால், ஒரு லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 95-க்கு ஏற ஏறக்குறைய 50 நிமிடம். சுவருக்குள் தெர்மகோல் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் இளகி நாறும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சி ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் இந்த அடுப்பு வெறும் அட்டைப்பெட்டிதான். ஆசிரியரிடம் சொல்லி மைதானத்தில் வைக்கச் செய்யுங்கள். சேலத்தில் உறவுக்காரப் பிள்ளை யாராவது இருந்தால் அதே அளவில் இன்னொரு பெட்டி செய்யச் சொல்லி, மூட்டமில்லாத ஒரு நாளில் இருவரும் 12 மணிக்குத் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.