ஆற்றங்கரையில் அடுக்குமாடி கட்டலாமா?

திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளம் மோதும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோல் அமைந்திருக்கிறது. நீர் இருபுறமும் பிரிந்து ஓடிவிடுகிறது. வெள்ளக் காலத்தில் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். ஆற்றின் குணம் அறிந்தவர்கள் கட்டிய கோயில் அது!

இப்போது ஒரு கற்பனை. அதே ஆற்றின் கரையில் ஒருவர் இருபது மாடிக் கட்டடம் எழுப்ப விரும்புகிறார். நிலம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. உடனே கட்டிவிடலாமா? முடியாது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் எழும்புவது உயரமான கட்டடம் ஆகும். நகர் ஊரமைப்புத் துறை, தீயணைப்புத் துறை, நீர்வளத் துறை எனப் பல இடங்களில் இசைவு பெற வேண்டும். இவை வெறும் காகிதத் தடைகளா? இல்லை. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது.

முதல் கேள்வி: வெள்ளம் எங்கே போகும்? ஒரு நொடியில் ஆறு கடத்தும் நீரின் அளவு, அதன் குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும். கரையில் கட்டடம் எழுந்து பாதை குறுகினால் என்ன ஆகும்? நீர்மட்டம் உயரும்; அல்லது வேகம் கூடும். இரண்டுமே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஆபத்துதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நெல்லைச் சந்திப்புப் பகுதியையும் வெள்ளம் சூழ்ந்தது.

இரண்டாம் கேள்வி: மண் தாங்குமா? ஈர மணலில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கால் புதையும். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் அவ்வளவு புதையாது. எடை பரவிவிடுகிறது அல்லவா? ஆற்று வண்டல் மீது எழும் உயரமான கட்டடத்துக்குப் பலகை போன்ற அகன்ற அடித்தளம் போதாமற் போகலாம். அப்போது கெட்டியான அடுக்கு வரை ‘பைல்’ தூண்களை இறக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும்.

மூன்றாம் கேள்வி: தீப்பிடித்தால்? வண்டியின் ஏணி எட்டாத மாடியிலிருந்து மக்கள் இறங்க மாற்றுப் படிக்கட்டும், அணைப்பதற்குத் தண்ணீர்த் தொட்டியும் கட்டடத்துக்குள்ளேயே வேண்டும்.

இசைவின்றிக் கட்டினால் என்ன நேரும்? கேரளத்தில் கொச்சியை அடுத்த மரடில், காயல் கரையில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் எழுந்தன. உள்ளூர் அமைப்பின் அனுமதி இருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்து நான்கையும் தகர்த்தார்கள். ஒவ்வொன்றும் சில நொடிகளில் சரிந்தது. பணம் கொடுத்து வீடு வாங்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வியைக் கட்டியபின் கேட்டதால் வந்த துன்பம் இது.

அடுத்த முறை ஆற்றங்கரையில் நிற்கும்போது, பழைய சுவர்களிலும் பாலத் தூண்களிலும் வெள்ளம் விட்டுச் சென்ற தடத்தைத் தேடிப் பாருங்கள். இதுவரை தன் இடம் என்று ஆறு போட்டு வைத்த கையெழுத்து அது. அந்தக் கையெழுத்தைப் படித்த பிறகுதான் மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்!