பெட்ரோல் கூடிப்போன எஞ்சின்

அம்பாசடர் காலத்தில், 'வண்டி ரிச்சா ஓடுது' என்று சொல்ல மெக்கானிக் பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை. சைலன்சரில் கரும்புகை, பச்சைப் பெட்ரோல் வாடை, ஐடிலிங்கில் தடுமாற்றம். பிளக்கைக் கழற்றினால், வெளிர்பழுப்பாக இருக்க வேண்டிய முனை அடுப்புக்கரி போல வரும். காரணங்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான். சோக் கேபிள் பாதியில் சிக்கியிருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். ஃப்ளோட் ஓட்டையாகியோ நீடில் வால்வு தேய்ந்தோ கார்பரேட்டர் வழியும். எஸ்.யு. கார்பரேட்டர் பூட்டிய வண்டிகளில் ஓர் அருமையான சோதனை உண்டு. ஐடிலிங்கில் அதன் பிஸ்டனை மயிரிழை தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் நின்றுபோனால் குறைவு. அடியிலுள்ள நட்டைச் சற்றே திருப்பினால் சரியாகிவிடும்.

2000-இல் மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. என்னும் இன்ஜெக்ஷன் முறை வந்துவிட்டது. அந்த நட்டின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. ஆக்சிஜன் சென்சார் சொல்லச் சொல்ல, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கணினி கூட்டிக் குறைக்கிறது. இதனால் கோளாறு வெகுநாள் வெளியே தெரிவதில்லை. இன்ஜெக்டர் லேசாகக் கசிந்தாலும் கணினி சரிக்கட்டிவிடும், புகை வராது. அதன் எல்லை தாண்டிய பிறகே எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பெட்ரோல் அதிகம் என்பதற்கான 'பி0172' பிழைக்குறியீடு வரும். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி சொன்னது அந்தச் சென்சார்தான்!

இன்னொரு பழைய பழக்கமும் தொடர்கிறது: எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுவது. கார்பரேட்டர் வண்டி அதை ஒருவாறு தாங்கியது. இன்றைய வண்டியில், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். கூலண்ட் சென்சார் பழுதானாலும் இதே கதை.

ஆகவே ஸ்கேனரில் பிழைக்குறியீட்டை மட்டும் படிக்காமல் ஓடும் கணக்கையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலண்டின் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிய பின் கூலண்ட் 80, 90 டிகிரியைத் தொட வேண்டும். பிரஷர் ரெகுலேட்டரில் வேக்குவம் ஓஸ் உள்ள வண்டியானால், அதைக் கழற்றி உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போட்டால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். சென்சாரை விடப் பல மடங்கு விலை அது.